தேவனாம்பட்டினம் பீச்சுக்கு நாலு ஸ்டார்

முழுப்பரீட்சை முடிந்த கையோடு அண்ணன் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பைத்தியம். வந்து இறங்கி இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, சின்னவன் "அத்தை, எப்ப பீச்?" என்று ஆரம்பித்துவிட்டான். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், சைக்கிளை மிதித்தால் பதினைந்து நிமிடத்தில் தேவனாம்பட்டினம். ஆனால் அண்ணிக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். கூட்டம், குப்பை, நாய். "கொஞ்சம் நல்ல இடமா போலாமே" என்றார். சரி, அந்த நல்ல இடத்தைத் தேடிப் போன கதைதான் இது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று கடற்கரை. ஸ்டார் போடுகிறேன், ஏன் போட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்வதும் திட்டுவதும் உங்கள் பாடு.

முதல் ஞாயிறு அண்ணன் போனில் தேடிப் பிடித்த ஒரு ரிசார்ட். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பெயர் வேண்டாம். பகலுக்கு மட்டும் போய் வர பெரியவர்களுக்கு 950 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. மதியச் சாப்பாடு, நீச்சல்குளம், அப்புறம் விளம்பரத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் 'பிரைவேட் பீச்'. அம்மாவையும் சேர்த்து ஆறு பேருக்கு 4,750 ரூபாய் ஆனது. அண்ணன்தான் கொடுத்தான், ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது, தினமும் சும்மா பார்க்கிற கடலுக்குக் காசு கொடுக்கிறோமே என்று. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. வஞ்சிரம் வறுவல் நன்றாக இருந்தது, குழம்பில் புளி கம்மி.

சாப்பிட்டுவிட்டுக் கடல் பக்கம் போனால், மணல் தொடங்க வேண்டிய இடத்தில் புல்தரை. மழமழவென்று, கால் வைக்கக் கூசுகிற மாதிரி. எங்கள் கரையில் மணல்மேடு என்றால் காற்று கொண்டுவந்து கொட்டிய வெறும் குவியல் என்று நினைத்துவிடாதீர்கள். அடம்பங்கொடி படர்ந்து, இராவணன் மீசைப் புல் முளைத்து, வேர்விட்டு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் வரப்பு அது. புயல் நேரத்தில் அலை முதலில் அந்த மேட்டைத்தான் தின்னும், தின்று முடித்துப் பசி அடங்காவிட்டால்தான் நம் பக்கம் வரும். அந்த மேட்டை வழித்துத் தள்ளிவிட்டு அங்கே புல்லை வைத்து, குழாயில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். புல்தரை முடிகிற ஓரத்தில் மணல் மூட்டைகளை மூன்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இது எதுக்கு தம்பி என்று வேலை செய்த பையனைக் கேட்டேன். "போன மழைக்குக் கடல் உள்ள வந்துடுச்சு மேடம்" என்றான். வராமல் என்ன செய்யும்?

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். தோளில் வீச்சு வலை, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் நாலைந்து மடவை. தண்ணீர் ஓரமாக, ஈர மணலில், தெற்கேயிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை, அலையைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். வாட்ச்மேன் விசில் அடித்தார். பெரியவர் நிற்கவில்லை. மறுபடியும் விசில், அப்புறம் ஓடிப்போய், "பெரியவரே, இது பிரைவேட்டு, மேல ரோட்டு வழியா சுத்திப் போங்க" என்றார். பெரியவர் நின்று, கடலை ஒரு பார்வை, கட்டடத்தை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, அலை போனா மணலு, வந்தா கடலு. இதுல எது உங்க மொதலாளிது?" என்று கேட்டுவிட்டு அதே வழியில் நடந்து போனார். வாட்ச்மேன் என்ன செய்வார் பாவம், அவரும் மாதச் சம்பளக்காரர், எங்களைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் படித்தவள் இல்லை நான், ஆனால் கடலோரத்தில் வீட்டுக்குக் கடன் வாங்க அலைந்தவள், அந்த அலைச்சலில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்ற வார்த்தை மனப்பாடம். 1986-ஆம் வருட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-ல் முதல் அறிவிக்கை வந்தது, அதை மாற்றி 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று. ஓதம், அதாவது கடல் ஏற்றம், உச்சத்தில் தொடுகிற கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வது அதுதான். அதில் ரிசார்ட்டுகளுக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கின்றன. மணல்மேட்டைச் சமன்செய்யக் கூடாது. வேலி போட்டால் அது மக்கள் கடற்கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே மக்கள் கடலுக்குப் போக குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவிலுள்ள ஈர மணலை யாரும் பட்டா போட்டு வாங்க முடியாது. உச்ச நீதிமன்றமும் 1996-ல், இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றை ஒட்டிக் கட்டிய ஒரு விடுதி சம்பந்தமான வழக்கில், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு இதெல்லாம் மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்றே சொல்லியிருக்கிறது.

மறுநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது, இறங்கி அந்த ரிசார்ட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தின் அகலத்தை அளந்து பார்த்தேன். டேப் இல்லை, எட்டு வைத்துத்தான். பதினொரு எட்டு. எட்டுக்கு இரண்டரை அடி என்றால் இருபத்தேழு அடி சொச்சம். 20 மீட்டர் என்றால் அறுபத்தைந்து அடிக்கு மேல் வரவேண்டும். சரி, இருக்கிற இருபத்தேழு அடியிலாவது போகலாம் என்று நடந்தால் கடல் தெரிகிற இடத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. முள்ளுக்குக் கையெழுத்து கிடையாது.

ஸ்டார்: வறுவலுக்கு ஒன்று. கடற்கரைக்கு எதுவும் போடவில்லை, அது அவர்களுடையதாக இருந்தால்தானே போட முடியும்.

இரண்டாவது ஞாயிறு நான் சொன்ன இடம், புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் பீச். நீலக்கொடி வாங்கிய கடற்கரை. டென்மார்க்கில் இருக்கும் ஓர் அமைப்பு கொடுக்கிற சான்று அது, மொத்தம் 33 நிபந்தனை, 2021-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்துக்கும் இதற்கும் ஒரே சமயத்தில் கிடைத்தது. ஒரு தடவை வாங்கி பிரேம் போட்டு மாட்டிக்கொள்கிற சமாச்சாரமும் இல்லை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். குளிக்கிற தண்ணீரைச் சோதனை செய்து முடிவைப் பலகையில் போட வேண்டும், உயிர்காப்பாளர் வேண்டும், கழிவறை வேண்டும், நடக்க முடியாதவர்களும் கடலருகே போக வழி வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். அங்கே பாதையிலேயே மெதுவாக நடந்து போய்க் கடலைப் பார்த்தபடி நிழலில் உட்கார்ந்தார். "இது போதும்டி எனக்கு" என்றார். அந்த ஒரு காரணத்துக்கே ஸ்டார் போடலாம்.

அந்த 33-ல் எனக்கு ரொம்பப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. கடல் கொண்டுவந்து ஒதுக்குகிற பாசி, தழை, சருகு எல்லாம் மக்களுக்குத் தொந்தரவாகாத வரை அங்கேயே கிடக்கட்டும் என்கிறது அது. குப்பை வேறு, கடலின் சருகு வேறு. நண்டும் பூச்சியும் அதைத் தின்னும், அவற்றைக் குருவிகள் தின்னும். அந்த ரிசார்ட்டில் காலையில் ஒரு அம்மா துடைப்பத்தால் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார், வீட்டு வாசல் மாதிரி, கோலம் போடாததுதான் பாக்கி.

ஈடனுக்கு மூன்றரை. குறைத்ததற்குக் காரணம் இடத்தின் மேல் கோபம் இல்லை. கொடி எல்லை முடிந்து கொஞ்ச தூரம் நடந்தால் அறுந்த நைலான் வலை, செருப்பு, சிப்ஸ் பாக்கெட் என்று நமக்குப் பழகிய கரை ஆரம்பித்துவிடுகிறது. சில நூறு மீட்டருக்கு 33 நிபந்தனை, மிச்சக் கரைக்கு ஒன்றுகூட இல்லை என்றால் அது எனக்கு உறுத்துகிறது. அதோடு அங்கே வலை உலர்த்துகிற ஆள் கண்ணில் படவில்லை, மீன் நாற்றம் இல்லை, சின்னவன்கூட "போட்டெல்லாம் எங்க அத்தை?" என்று கேட்டான். அண்ணிக்கு ரொம்பப் பிடித்தது, அவரைக் கேட்டால் ஐந்து போடுவார்.

திரும்பும்போது புதுச்சேரி பீச் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றோம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்த ஊரை எனக்குப் பிடிக்கும், கடலைப் பார்த்துக்கொண்டு நடக்க ஒரு பைசா வேண்டாம். ஆனால் நடப்பது ரோட்டில், மணலில் இல்லை. காந்தி சிலைக்கு முன்னால் ஒரு காலத்தில் மணலில் உட்கார்ந்து கடலை கொறித்ததாக அப்பா சொல்வார். எண்பதுகளின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பி வரும். குறுக்கே சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே வரவேண்டிய பங்கு நின்றுபோய் ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. ரோட்டைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டினார்கள், அரிப்பு அதற்கும் வடக்கே இருக்கிற மீனவர் குப்பங்களுக்குப் போனது. சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக வீடுகளைக் கடல் கேட்டது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கி, 2019 வாக்கில் அந்த இடத்தில் கொஞ்சம் மணலை மீட்டார்கள். அண்ணன் பெரிய பிள்ளைக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தான், அவள் கேட்டாள், "அப்போ ஒருத்தர் வீட்டு மணலை இன்னொருத்தர் தடுத்துட்டாங்களா?" கிட்டத்தட்ட அப்படித்தான் பாப்பா.

மூன்றாவது ஞாயிறு வேறு எங்கும் போகக் காசும் தெம்பும் இல்லை, ஆகவே தேவனாம்பட்டினம். சில்வர் பீச் என்று எழுதி வைத்திருப்பார்கள், எங்கள் வாயில் எப்போதும் தேவனாம்பட்டினம்தான். பெரியார் கலைக்கல்லூரியைத் தாண்டும்போதே உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். மணலில் கால் வைக்க யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

கரைக்கு விலை போடுவது இங்கே புதிதும் இல்லை. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி மராட்டியர்களிடம் இங்கிருந்த கோட்டையை வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டுக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்து என்று பேச்சு. அப்படிக் குண்டு விழுந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது, பெயரைச் சொல்லும்போது யாரும் பீரங்கியை நினைப்பதில்லை. புனித டேவிட் கோட்டையில் இப்போது மிச்சமிருப்பது இடிபாடு. கரை மட்டும் 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலையும் வாங்கிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. சுனாமியில் இந்த ஊர் கொடுத்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு.

முதலில் விடியற்காலை போனோம். தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் முந்தின ராத்திரியே சொல்லி வைத்திருந்தான், ஆமைக்குஞ்சு விடப்போகிறார்கள் என்று. பங்குனி ஆமை தை, மாசி, பங்குனியில் ராத்திரியில் கரையேறிக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். நாயும் நரியும் எடுப்பதற்கு முன்னால் அந்த முட்டைகளைச் சேகரித்து வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள், ஐம்பது நாள் சுமாருக்குப் பொரிந்து வரும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் பெரிய ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஒரு கூடை நிறையக் குஞ்சைப் பார்த்தால் மனசுக்கு என்னவோ செய்கிறது.

கூடையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கவிழ்க்கவில்லை, பத்துப் பதினைந்தடி தள்ளியே விட்டார்கள், அந்தத் தூரத்தைக் குஞ்சுகள் தாங்களே ஊர்ந்து கடக்க வேண்டும். உள்ளங்கையில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும், சாம்பல் கறுப்பு, மணல் ஒட்டிய முதுகு. முன்துடுப்பு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் போகிறது, நம் கட்டைவிரல் பதிந்த பள்ளம்கூட அதற்கு ஏறி இறங்க வேண்டிய ஓடை. ஒரு குஞ்சு நேராகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று காணோம். முந்தின நாள் சாயங்காலம் யார் பிள்ளையோ கோட்டை கட்டத் தோண்டிய குழி, முழங்கை ஆழம், அதற்குள் விழுந்து சுவரில் ஏறி ஏறிச் சரிந்துகொண்டிருந்தது. டார்ச்சைக் கொண்டுபோனால் எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிவிடும் என்பதால் யாரும் விளக்குப் போடவில்லை. அந்தப் பையன் குனிந்து, குஞ்சை எடுத்து வெளியே விட்டான், அது மறுபடியும் ஒன்றும் நடக்காத மாதிரி நடையைக் கட்டியது. சின்னவன் வாயைத் திறக்கவே இல்லை, அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் திரும்பப் போனால் அதே இடம் திருவிழா. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்திருந்ததால் விசைப்படகு எதுவும் போகவில்லை, ஃபைபர் படகில் வந்த கொஞ்சம் மீனுக்கு ஏகப்பட்ட கிராக்கி. சுண்டல், பட்டம், மிளகாய் பஜ்ஜி, சோளம். அம்மாவை மணலில் இறக்க முடியவில்லை, டீக்கடை அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்து, "உக்காருங்கம்மா, எவ்ளோ நேரம்னாலும்" என்றார். டீகூட நாங்கள் அப்போது வாங்கியிருக்கவில்லை. அந்தப் பக்கம் வலை பின்னுகிறவர்கள், இந்தப் பக்கம் கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, நடுவில் பர்தா போட்ட பாட்டி பேரனோடு அலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் இதே மணலுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வரும். வரும்போது எந்த வாட்ச்மேனும் விசில் அடித்ததில்லை.

ஒரு ஸ்டார் குறைத்தேன் என்றால் அது நமக்கு. நாங்கள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி, கை எட்டுகிற தூரத்தில், எண்ணினேன்: பேப்பர் கப் ஏழு, தண்ணீர் பாட்டில் மூடி நாலு, ஐஸ்கிரீம் குச்சி, ஒற்றைச் செருப்பு, ஒரு உடைந்த பீர் பாட்டில் கழுத்து. 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை, அது மணலுக்குத் தெரியவில்லை. இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக மதிக்காமல் போட்டுவிட்டுப் போகிறோம், பிறகு யாராவது சுவர் கட்டி, பெருக்கி, 950 ரூபாய் வாங்கினால் 'சுத்தமா இருக்கு' என்று கொடுக்கிறோம். முள்ளை வெட்டிப் போடுகிறவனுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது, அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, "குப்பைத் தொட்டி வெச்சா போடுவாங்க" என்றான். தொட்டி இருபதடியில் இருந்தது.

இன்னொன்று, குளிக்கிறவர்கள் கவனியுங்கள். அலை உடைகிற வரிசையில் நடுவே ஒரு இடம் மட்டும் உடையாமல், தட்டையாக, கலங்கலாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள், தண்ணீர் உள்ளே திரும்பிப் போகிற வழி அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தித்தான் பலர் சோர்ந்து போகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

கிளம்புகிற நேரத்தில் சின்னவன் தோண்டி வைத்திருந்த குழியைப் பார்த்தேன், வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி அகழி எல்லாம் வெட்டியிருந்தான். மூடுடா என்றால் அழுகை. அவன் அழுதுகொண்டிருக்க, அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் மணலைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடினார். "நாளைக்குக் காலைல விடுவாங்கல்ல, விழுந்துட்டா?" என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னார். நாய், கூட்டம் பற்றி அன்றைக்குப் பேச்சில்லை. ஸ்டார் எத்தனை என்று நான் கேட்கவும் இல்லை.

போகிறவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும், ஞாயிறு என்றால் ஐந்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். டீக்கடை அக்கா கடை நடைபாதையின் வடக்குக் கோடியில். அங்கே கண்ணாடி டம்ளர் கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் பேப்பர் கப்தான்.